காளான் மாத்திரையும் கைவிடப்பட்ட மருந்தும்

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வருஷக்கணக்காக ஒழுங்காய் மருந்துண்டு வந்தவர்கள், ஒருநாள் கால் வீங்கியோ கண் மஞ்சள் பூத்தோ வந்து நிற்கையில், "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகே, துணிப்பையின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்கள். செலீனியம், துத்தநாகம், இரும்பு முதலிய தாதுக்கள் செறிவூட்டப்பட்ட மருத்துவக் காளான் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. விற்றவரோ பெரும்பாலும் உறவினர், அல்லது அண்டை வீட்டுக்காரர். இத்தகைய டப்பாக்கள் சமீப காலமாக அதிகம் வருவதாலேயே இதை எழுத நேர்ந்தது.

செறிவூட்டுவது எவ்வாறு?

ரெய்ஷி, ஷீடாக்கே, சிப்பிக் காளான் முதலியவை தாம் வளரும் வைக்கோலிலும் மரத்தூளிலும் உள்ள தாதுக்களை ஈர்த்துக்கொள்ளும் சுபாவமுடையவை. அந்தப் படுக்கையில் செலீனிய உப்பைக் கலந்தால், அதில் ஒரு பகுதியை உடல் எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால், இதே சுபாவத்தால் காட்மியம், ஈயம், ஆர்சனிக் ஆகிய நஞ்சுகளையும் அவை பேதமின்றி ஈர்க்கும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

நான் கேட்கும் வாதங்கள்

"இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது" என்பது முதல் வாதம். ரெய்ஷித் தூள் உண்டவர்களுக்குக் கல்லீரல் பழுதுபட்டதை ஹாங்காங், தாய்லாந்து வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்லாந்தில் உயிரே போயிருக்கிறது.

"சத்து எவ்வளவு கூடினாலும் நல்லதே" என்பது அடுத்தது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையான செலீனியம் சுமார் 55 மைக்ரோகிராம். 400-ஐத் தாண்டி நெடுநாள் உண்டால் தலைமயிர் கொட்டும், நகம் நொறுங்கும், மூச்சில் பூண்டு வாடை வீசும். 2008-ல் அமெரிக்காவில் விற்ற ஒரு திரவச் சத்து மருந்தில், குறிப்பிட்டிருந்ததைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு செலீனியம் தவறாகச் சேர்ந்துவிட, சுமார் 200 பேர் இவ்வாறே அவதியுற்றார்கள்.

"புற்றுநோய் வராமல் தடுக்கும்" என்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடந்த பெரும் ஆராய்ச்சியில், தினமும் 200 மைக்ரோகிராம் செலீனியம் கொடுத்தும் புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை என்று கண்டு, 2008-ல் அந்த மாத்திரைகளையே நிறுத்தினார்கள்.

எல்லாவற்றிலும் விபரீதமானது, "இதைச் சாப்பிட்டால் இங்கிலீஷ் மருந்தை விட்டுவிடலாம்" என்ற உபதேசம். சர்க்கரையின் அளவையே ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் சொன்ன வார்த்தைக்காக இன்சுலினை நிறுத்துவதை எந்த நியாயத்தால் ஏற்பது?

பரிசோதனை

இந்த மாத்திரைகளை ஏற்கெனவே உண்டு வந்தவர்கள், முதலில் கல்லீரல், சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தயவுசெய்து கேளுங்கள்

கறியாகச் சமைத்துண்ணும் நல்ல காளானை நான் குறை கூறவில்லை, தாராளமாக உண்ணுங்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்றவற்றை உட்கொள்பவர்களும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும், கர்ப்பிணிகளும் இந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். இரத்தசோகை என்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ஏற்கெனவே டப்பா வாங்கியிருந்தால், அதை ஒளிக்காமல் உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள்; அவர் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை. நாள்தோறும் உண்டுவரும் மருந்தை மட்டும், அவரைக் கேளாமல் ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள்.