ஈலியத்தின் பிறப்பு

பெயரால் ஒன்றாய பொருள்கள் பிறப்பாலும் ஒன்றாதல் வேண்டுமென்னும் நியதியில்லை. இதனைத் தெளிவுறக் காட்டும் மூலகம் ஈலியம். அதன் வரலாற்றிலே தென்னாட்டுக்கும் ஈழநாட்டுக்கும் இடமுண்டு.

1868 ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 ஆம் நாள் முழுச் சூரியகிரகணம் நிகழ்ந்தது. அக்காலச் சென்னை மாகாணத்துக் குண்டூரிலே பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்திலே சென்னை வானாய்வு நிலையத்துப் பொக்சனும், சூரிய விளிம்பில் எழுந்த தீப்பிழம்புகளின் ஒளியை நிறமாலையாகப் பகுத்து நோக்கினர். அதிலே மஞ்சட் கோடொன்று தோன்றிற்று. அவ்வாண்டிறுதியில் இங்கிலாந்திலிருந்து சூரியனை ஆராய்ந்த லொக்கியர் அது சோடியத்தின் கோடன்றெனக் கண்டார். சூரியனைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லால் அப்புது மூலகம் ஈலியம் எனப் பெயர்பெற்றது. 1895 இல் ராம்சே அதனை யுரேனியக் கனியமொன்றிலிருந்து பிரித்தெடுத்தார்.

ஈலியம் செறிந்த கனியமொன்று இலங்கையிலுமுண்டு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலையறிஞராய்ப் புகழெய்துமுன், இலங்கைக் கனிய ஆய்வுத் துறையின் முதற் பணிப்பாளராயிருந்தார். 1904 இல் அவர் பலாங்கொடைப் பகுதியிற் கண்ட கரிய, பாரமிக்க கனியமே தோரியனைற்று. தோரியமும் யுரேனியமும் பொதிந்த அக்கனியத்தைச் சூடாக்கினால் ஈலியம் வெளிப்படும்.

கல்லினுள் வாயு புகுந்தது எவ்வாறு? அது புகுந்ததன்று, உள்ளே பிறந்தது. தோரிய அணுவொன்று சிதைந்து ஈயமாகுமுன் ஆறு அல்பாத் துணிக்கைகளை உமிழும். ஒவ்வொன்றும் ஓர் ஈலியக் கருவாகும். எனவே இவ்வீலியம் அக்கல்லினும் இளையது.

குண்டூரில் ஒளிர்ந்த ஈலியமோ சூரியனினும் மூத்தது. சூரியன் தன் மையத்தில் ஐதரசனை ஈலியமாக மாற்றிவருவது உண்மையே. ஆயினும் அதன் வெளிப்புறத்திலுள்ள ஈலியத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், பிரபஞ்சத்தின் முதற் சில நிமிடங்களிலே தோன்றியது. வெப்பநிலை நூறு கோடி பாகையளவிற்குத் தணிந்தவேளை, ஒரு நியூத்திரனுக்கு ஏழு புரோத்தன்கள் இருந்தன. இரண்டு நியூத்திரன்களும் பதினான்கு புரோத்தன்களும் கொண்ட தொகுதியில் ஓர் ஈலியக் கரு அமைய, பன்னிரண்டு புரோத்தன்கள் எஞ்சும். பதினாறில் நான்கு, அதாவது திணிவிற் காற்பங்கு, ஈலியமாயிற்று. எஞ்சிய புரோத்தன்களே ஐதரசனின் கருக்கள். வெள்ளவத்தைக் கடலின் ஒவ்வொரு துளியிலும் அத்தொன்மை உண்டு.

ஐந்து அல்லது எட்டுத் துணிக்கைகளாலாய கரு நிலைபெறாமையால் ஆக்கம் அப்பாற் செல்லவில்லை. இலிதியம் மாத்திரம் மிகச் சிறிதளவு தோன்றிற்று. காபன் முதலியன பின்னர் விண்மீன்களிற் பிறந்தன. பெரிலியமும் போரனும் அண்டக்கதிர்கள் பாரமான கருக்களைத் தகர்த்தமையாற் பெரும்பாலும் உண்டாயின. ஈலியத்தின் அளவு கணக்கோடு ஒத்திருக்க, மிகப் பழைய விண்மீன்களிற் காணப்படும் இலிதியமோ கணித்ததில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. இப்பிணக்கு இன்னும் தீர்ந்திலது.

பூமியில் நாம் எடுத்துப் பயன்படுத்தும் ஈலியமோ பெரும்பாலும் பாறைகளின் சேமிப்பு. எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தங்களைக் குளிர்விப்பது அதுவே. வளியிற் கலந்தபின் அது மெல்ல மெல்ல விண்வெளிக்குச் சென்றொழியும். பிரபஞ்சத்தில் மிக மலிந்த மூலகங்களுள் இரண்டாவதாயினும், நமக்கு அது அரும்பொருளே.