குமண போன வேனும் தண்ணீர்க் கணக்கும்

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலைவனம் பார்க்கப் போகிறார்கள் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். கலிபோர்னியாவில் தொழில் பார்க்கும் என் தங்கையின் மகன், குடும்பத்தோடு அப்படித்தான் 'டெத் வேலி' தேசிய பூங்காவுக்குப் போய்வந்தார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. 1913 ஜூலை 10ஆம் திகதி 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவான இடம் அது. கோடையில் தமது வண்டியை அங்கே கொண்டுபோகக் கூடாதென்று சில வாடகைக் கம்பனிகள் நிபந்தனை போடுகின்றன. இவர் போனது பெப்ரவரியில்.

நான் மணலைப் பற்றி விசாரிக்கவில்லை. காசு எங்கே போனது என்றுதான் கேட்டேன். "மாமா, வாடகையும் பெற்றோலும் போக, ராத்திரியில வண்டியை நிறுத்தத்தான் குடுத்தன்" என்றார். நிறுத்த இடம், தண்ணீர்க் குழாய், மின்சாரம், வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலிசெய்ய வசதி. சரக்கு இவ்வளவுதான்.

நமது நாட்டில் பாலைவனம் இல்லை. அதற்குக் கிட்டிய வரண்ட பூமி என்றால் மன்னார்ப் பக்கமும், பாணமைக்குத் தெற்கே யால வரை நீளும் கரையும்தான். களுவாஞ்சிக்குடியில் கடை வைத்திருக்கும் எனக்கு இரண்டாவதுதான் வசதி. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வேனைப் பிடித்து, அடுப்பு, அரிசி, சகன், தண்ணீர்க் கேன்கள் சகிதம் 11 பேர் புறப்பட்டோம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை.

குமண 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 1970இல் தேசிய பூங்காவானது. 1985 முதல் 2003 வரை யுத்தத்தால் மூடிக்கிடந்தது. யால கிழக்கு என்றிருந்த பெயர் 2006இல்தான் குமண என மாறியது.

பாணமையில் வேனை விட்டு ஜீப்பில் ஏறினோம். உகந்தை முருகன் கோயிலடியில் வாயில். உள்ளே புல்லெல்லாம் வைக்கோல் நிறம். குளங்கள் பாளம் பாளமாக வெடித்து, நடுவில் கொஞ்சம் சேறும் தண்ணீரும். அதைச் சுற்றி எருமை, மான், மயில், ஒரு முதலை. தண்ணீர் குறையக் குறையத்தான் மிருகங்களைப் பார்க்கலாம், மழை பெய்தால் காட்டுக்குள் கலைந்துவிடும் என்றார் வழிகாட்டி. இதை ஒரு வியாபாரிக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நாங்கள் கொண்டுபோனது 120 லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் பாதிகூடப் போகவில்லை. வுழூவுக்கும் பிள்ளைகளைக் கழுவவும்தான் மிச்சமெல்லாம். போகும் வழியில் வேன் நின்றது நான்கு தரம். நான்கும் தொழுகைக்காகவும் பெண்களின் தேவைக்காகவும்தான். பசிக்காக ஒரு தரமும் இல்லை. கோமாரிக்கு அப்பால் ஒரு அம்மா ஓலைக் கொட்டில் போட்டு இளநீர் விற்கிறார். கொட்டிலுக்குப் பின்னால் சுத்தமான கழிப்பறை, வாளி நிறையத் தண்ணீர். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் நாங்கள் திரும்பி வேனில் ஏறும்போது 11 இளநீர் குடித்து முடித்து, மூன்று சட்டி தயிரும் அவித்த சோளனும் கையில். எத்தனை விளம்பரப் பலகை அடித்தாலும் இந்த விற்பனை வராது.

பாசிக்குடாவிலிருந்து அறுகம்பேக்குப் போகும் உல்லாசப் பயணிகளின் வேன்கள் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை எங்கள் கடைவீதியால்தான் ஓடுகின்றன. 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று அடிமேல் அடி விழுந்து, இப்போது மறுபடி வருகிறார்கள். ஆனால் யாரும் பிரேக் பிடிப்பதில்லை. பிடித்து எங்கே இறங்குவது? நம் கடைகளில் இல்லாத சாமான் இல்லை. வெளியூர்ப் பெண்ணொருத்தி கூச்சமின்றிக் கேட்கக்கூடிய கழிப்பறைதான் இல்லை.

என் கடைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தமிழ்ச் சகோதரரின் வளவு வெறுமையாகக் கிடக்கிறது. நல்ல தண்ணீர்க் கிணறு, இரண்டு வேம்பு, ஆறு வேன் நிற்க இடம். காணி அவருடையது, முதல் என்னுடையது என்று கேட்டேன். "என்ன காக்கா, கக்கூஸ் வியாபாரமா?" என்று சிரித்தார். பிறகு அவரே சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கடைக்குள் வந்து உட்கார்ந்தார். கட்டுவது பெரிய செலவில்லை. நாள் முழுக்கச் சுத்தமாக வைத்திருக்கும் ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம்தான் உண்மையான முதல். சீசன் இல்லாத மாதங்களில் அதை எப்படிச் சமாளிப்பது என்பதில் இன்னும் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நமது ஊர்கள் மணல் பூமி. தோண்டினால் சில அடியில் தண்ணீர். மலக்குழியைக் கண்ட இடத்தில் வெட்டினால் அயல் கிணறெல்லாம் கெட்டுவிடும். எவ்வளவு தூரம் விட வேண்டும், குழிக்கு அடித்தளம் போட வேண்டுமா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டிருக்கிறோம். புதன்கிழமை வளவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.