விழித்தெழ மறுக்கும் கணினி



காலையிலே கந்தோரைத் திறந்து கணினியின் பொத்தானை அழுத்துகின்றோம். நிறுவனத்தின் இலச்சினை தோன்றுகின்றது. சிறு புள்ளிகள் வட்டமிடுகின்றன. திடீரெனத் திரை முழுவதும் நீலமாகி, ஏதோ சில ஆங்கிலச் சொற்களைக் காட்டிவிட்டுக் கணினி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகின்றது. மறுபடியும் அதே நீலத்திரை. விண்டோஸ் 11 இல் 2025 ஆம் ஆண்டு முதல் இத்திரை கறுப்பாக மாற்றப்பட்டிருக்கின்றது. நிறம் மாறியதேயன்றி நோய் மாறவில்லை. மூன்று நான்கு முறை இவ்வாறு நிகழ்ந்ததும், 'கணினி போய்விட்டது' என்று முடிவுகட்டிவிடுகின்றோம்.

2018 ஆம் ஆண்டில் எமது பாடசாலையிலும் இதுவே நிகழ்ந்தது. கந்தோர்க் கணினிக்கு இணையத் தொடர்பு வேண்டுமென்று, பெருவிரலளவான வைஃபைக் கருவியொன்றை வாங்கிப் பூட்டி, அதனுடன் வந்த இறுவட்டிலிருந்த மென்பொருளையும் ஏற்றினோம். மறுநாட் காலை கணினி எழவில்லை. வரவழைக்கப்பெற்ற திருத்துநர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சேர், விண்டோஸ் பழுதாகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும்" என்றார். நானும் தலையசைத்தேன். தவணைப் புள்ளிகள் ஆசிரியர்களின் குறிப்பேடுகளில் இருந்தமையால் அவற்றை மீண்டும் பதிந்துகொண்டோம். ஆனால், பாடசாலை மலருக்கென மாணவர் நேரே கணினியில் எழுதியிருந்த கதைகளுக்கும் கவிதைகளுக்கும் வேறு பிரதி இருக்கவில்லை. அவ்வாண்டு மலர் வெளிவரவில்லை.

இதனினும் வருத்தந் தருவது பின்னர் நடந்ததாகும். புதிதாக்கப்பட்ட கணினியில் அதே கருவியைப் பூட்டி அதே இறுவட்டையே இட்டோம். மீண்டும் நீலத்திரை! அப்பொழுது இளம் ஆசிரியை ஒருவர், "சேர், இதை ஒருக்கால் கழற்றிப் பார்ப்போமே" என்று அக்கருவியைப் பிடுங்கி எடுத்தார். கணினி அமைதியாக எழுந்தது. அழித்தது வீண் என்பதை அழித்த பின்னரே அறிந்தோம்.

இதன் காரணம் யாது? கணினியின் பாகங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தார் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பாஷை உண்டு. விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமைக்கு அவை அனைத்தும் தெரியா. ஆகவே இடையே ஒரு துவிபாஷி வேண்டும். அத்துவிபாஷி வேலையைச் செய்யும் சிறு மென்பொருளையே டிரைவர் என்பர். வாகனத்தைச் செலுத்துபவரைச் சாரதி என்று அழைக்கும் நாம், இதனை மாத்திரம் ஏனோ டிரைவர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

நாம் கடிதம் எழுதும் மென்பொருள் ஒன்று பிழைவிட்டால் அது மாத்திரமே மூடிக்கொள்ளும். டிரைவர்கள் பலவற்றின் நிலை வேறு. பயணிகள் பெட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தாலும் புகையிரதம் ஓடும். எஞ்சினுக்குள்ளே தவறு நேர்ந்தால் வண்டி முழுவதும் நிற்கவேண்டியதே. இந்த டிரைவர்கள் எஞ்சினுக்குள் அமர்ந்திருப்பவை. கேர்னல் எனப்படும் உள்ளகத்தில் அவை இயங்குவதால், தமக்குரியதல்லாத நினைவகப் பகுதியை ஒன்று தொட்டுவிட்டாலும், பதிவுகள் சிதைந்துவிடக் கூடாதென்று விண்டோஸ் தானே தன்னை நிறுத்திக்கொள்கின்றது. ஆகவே நீலத்திரையைச் சாவோலையாகக் கொள்ளலாகாது. அது காவலுக்காகச் செய்யப்படும் நிறுத்தம். பழுதான டிரைவரோ ஒவ்வொரு தொடக்கத்திலும் மீண்டும் ஏற்றப்படுவதால் நிறுத்தமும் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது.

இதனை உலகமே கண்ட நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், தான் வாசிக்கவேண்டிய தரவுகள் 20 என்று எண்ணியிருக்க, இலங்கை நேரம் காலை 9.39 மணிக்கு அனுப்பப்பட்ட புதிய கோப்பு 21 ஆவதையும் கேட்டது. இல்லாததை வாசிக்கப் போய் டிரைவர் இடறிற்று. 78 நிமிடங்களில் அக்கோப்பு மீளப்பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் வீழ்ந்துவிட்டன, விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் திணறின. தொடங்கும்போதே வீழும் கணினிக்குத் தூரத்திலிருந்து மருந்தனுப்புதல் அரிதன்றோ? ஆதலால் பெரும்பாலான இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டியதாயிற்று. நீக்கியதும் அவை எழுந்தன.

இனி, நம் வீட்டுக் கணினிக்கு வருவோம். முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, 'நேற்று என்ன புதிதாகச் செய்தோம்?' என்பதே. புதிதாகப் பூட்டிய கருவி இருப்பின் கழற்றிவிட்டுத் தொடங்குக. திரையில் தோன்றும் சொற்களைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்துக்கொள்வதும் நன்று. 'சிஸ்' என்னும் ஈற்றையுடைய கோப்புப் பெயர் அதிற் காணப்பட்டால், பெரும்பாலும் அதுவே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

அதனாலும் எழாவிடின் சேஃப் மோட் என்னும் வழியுண்டு. மிக இன்றியமையாத டிரைவர்களை மாத்திரம் கொண்டு கணினியைத் தொடங்கும் முறை அது. விண்டோஸ் 7 வரை எஃப் 8 விசையை அழுத்தி அதனுள் நுழைந்தோம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், தொடக்கம் சில முறை தொடர்ந்து தவறியதும் திருத்தும் திரை தானே தோன்றும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று சென்று ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4 ஐ அழுத்துக. உள்ளே சென்றதும் டிவைஸ் மனேஜரில் உரிய சாதனத்தைத் தேடி, 'ரோல் பேக் டிரைவர்' என்பதைத் தெரிந்தால் முந்திய டிரைவர் திரும்பி வரும். முந்தியது இல்லையெனில் புதியதை நீக்கிவிடலாம். சேஃப் மோடிலும் கணினி வீழ்ந்தால், நினைவகத்திலோ வன்தட்டிலோ பழுது இருக்கக்கூடும்; அப்பொழுது திருத்துநரை நாடுவதே தகும்.

நாடும்போது, எதையும் அழிக்குமுன் வன்தட்டிலுள்ள கோப்புகளை வேறோர் இடத்திற்குப் பிரதிசெய்து தரும்படி கேளுங்கள். விண்டோஸ் எழாதபோதும் வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியிற் பூட்டி அவற்றை எடுத்துவிடலாம். அன்று யான் கேட்கத் தவறியது இதைத்தான்.

ஒன்று கூற மறந்தேன். இக்காலக் கணினிகள் பலவற்றின் வன்தட்டு பிட்லொக்கர் என்னும் பூட்டினால் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். திருத்தும் வழியில் நுழையும்போது அது 48 இலக்கங்கள் கொண்ட திறப்பைக் கேட்கலாம். அஃதின்றேல் உள்ளிருப்பவற்றை எவராலும் எடுத்தல் இயலாது. கணினி நலமாக இருக்கும்போதே அதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். எமது பாடசாலையில் அதனைக் கடதாசியில் எழுதி, வரவுப் பதிவேடுகள் இருக்கும் இரும்பு அலுமாரியில் வைத்திருக்கின்றோம்.