அலமாரிக்குள் ஒரு மழைக்காலம்

தங்கும் விடுதிக்கு வரும் மாணவருக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி கிடைக்கும். கட்டிலையும் மேசையையும் பயன்படுத்த யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அலமாரியைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் கலை இரவில் உடுத்த அம்மாவிடம் இரவல் வாங்கி வந்த பட்டுச்சேலை இருக்கும். நேர்முகத் தேர்வுக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்த தோல் சப்பாத்து இருக்கும். இரண்டும் எளிதில் மீண்டும் வாங்கக்கூடியவை அல்ல.

அலமாரி அடுக்குவது பற்றி நாம் படிக்கும் குறிப்புகளில் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அடிக்கடி உடுத்தாதவற்றைப் பெட்டியிலிட்டு இறுக மூடி வைக்கச் சொல்பவை. அந்த வறண்ட குளிர்காற்றுக்கு அது பொருந்தும். சிங்கப்பூரிலோ ஆண்டுச் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 82 விழுக்காடு. தீபகற்ப மலேசியாவிலும் பெரிய வேறுபாடில்லை. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே துணியிலும் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே எவ்வளவு இடம் மிச்சமாகிறது என்பதைவிட, காற்று எவ்வழியே புகுந்து வெளியேறும் என்பதையே நாம் முதலில் பார்க்க வேண்டும்.

அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். தொங்கவிடும் உடைகளுக்கிடையே கை நுழையும் அளவு இடைவெளி வேண்டும். நெருக்கித் திணித்தால் நடுவில் இருப்பவைதாம் முதலில் நாறும். ஒருமுறை உடுத்திய ஜீன்ஸை வியர்வையோடு உள்ளே மாட்டுவது விடுதிகளில் நாம் காணும் பழக்கம். அதற்குக் கதவின் வெளிப்புறத்தில் ஒரு கொக்கி போதும்.

பட்டுச்சேலையை நெகிழிப்பையில் போட்டு வைக்க வேண்டாம். பைக்குள் அடைபட்ட ஈரம் வெளியேறாது. வெளுத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே முறியும். கஞ்சி போட்ட பருத்திச் சேலையையும் வேட்டியையும் நெடுநாள் அடுக்கி வைக்காதீர்கள். கஞ்சியும் காகிதமும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அலசிக் காயவைத்து எடுத்து வையுங்கள், உடுத்தும் வாரத்தில் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

சப்பாத்தின் கதை வேறு. எங்கள் விடுதியில் ஒருவர் நல்ல சப்பாத்து ஒன்றைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்துப் போட்டபோது அடிப்பகுதி ரொட்டித் தூளாக உதிர்ந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டினார். காரணம் கடைக்காரரல்லர். இக்காலச் சப்பாத்துகள் பலவற்றின் அடிப்பகுதி பாலியூரித்தேன் எனும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள நீர், அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். மூடிய பெட்டியின் புழுக்கத்தில் விரைவாகவே நடக்கும். எனவே பெட்டியை எறிந்துவிட்டு, திறந்த அடித்தட்டில் வையுங்கள். அவ்வப்போது போட்டு நடங்கள். நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அடிப்பகுதியை வளைத்துப் பார்த்துவிடுங்கள். மழையில் நனைந்ததை நாளிதழ்த் தாளைத் திணித்து வெளியே உலர்த்திய பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

பாச்சை உருண்டையைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே சொல்ல வேண்டும். நாப்தலினால் ஆன இந்த உருண்டையைப் பாட்டி காலத்து மருந்து என்று நம்பிப் போடுகிறோம். துணியரிக்கும் அந்துப்பூச்சியை அது கொல்ல வேண்டுமானால் இறுக மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி நிறைந்திருக்க வேண்டும். கதவு சரியாக மூடாத விடுதி அலமாரியில் அந்த ஆவியை முகர்வது அறையில் இருப்பவர்கள்தாம். ஈரத்தையோ அது உறிஞ்சாது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஜி6பிடி எனும் நொதி குறைவாக உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை நாப்தலின் சிதைக்கக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு இக்குறை உண்டா என்று சோதிப்பது வழக்கம். உங்கள் அறைத்தோழருக்கு அது இருக்கலாம். கேட்காமல் உருண்டையைப் போடாதீர்கள். போடாமலே இருப்பது இன்னும் நல்லது.

சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சேர்த்து வைப்பதில் பெரிய பயனில்லை. நம் காற்றில் அது விரைவில் ஈரமேறி ஓய்ந்துவிடும். பருவ விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை வைத்துக் கதவை மூடிச் செல்லலாம். அதிலுள்ள வெள்ளைக் குருணை பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்துக் கரைந்து, டப்பாவின் அடியில் நீராகச் சேரும். அந்த உப்புநீர் தோலிலோ பட்டிலோ சிந்தினால் கறை போகாது. ஆதலால் டப்பாவை மேல்தட்டில் வைக்காமல், அடித்தட்டின் மூலையில், சப்பாத்துகளை ஒதுக்கிவிட்டு வையுங்கள்.