கோட்டு தைக்க வீட்டிலேயே அளவெடுக்கும் முறை

திருமண வரவேற்பில் மணமகன் கோட்டும் கால்சட்டையும் அணிந்து நிற்பது இன்று நகரங்களில் மட்டுமன்றி நெசவாளர் வாழும் சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்டது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் சிலர் இவ்வுடையைத் தைத்துக்கொள்கின்றனர். ஆனால் சட்டை தைப்பவர் ஊர்தோறும் இருப்பதுபோல் கோட்டு தைப்பதில் தேர்ந்தவர் இருப்பதில்லை. மாவட்டத் தலைநகரிலோ அதற்கு அப்பாலோ அவரைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. மணமகனோ வேறோர் ஊரில் பணியில் இருப்பார். ஆகவே வீட்டில் யாரேனும் ஒருவர் அளவெடுத்துத் தையற்காரருக்கு எழுதி அனுப்பும்படி நேர்கிறது. இதனை எவ்வாறு பிழையின்றிச் செய்வது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

கோட்டு, கால்சட்டை ஆகிய இரண்டுக்கும் 150 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியாயின், நடுத்தர உடற்கட்டுள்ளவருக்கு உத்தேசமாக 3 முதல் 3.5 மீட்டர் வரை செல்லும். நம் கைத்தறிகளில் இறங்கும் துணி பெரும்பாலும் அகலம் குறைந்ததாதலால் நீளம் கூடுதலாக வேண்டும். கோடும் கட்டமும் உள்ள துணியானால், பக்கங்களில் கோட்டோடு கோடு பொருந்த வெட்டவேண்டியிருப்பதால் இன்னும் சற்று அதிகமாகும். அகலத்தையும் டிசைனையும் தையற்காரரிடம் முன்னதாகச் சொல்லி, அவர் கேட்கும் நீளத்தை அறிந்த பின்னரே துணியை அறுப்பது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் பெட்டியிலிருந்து ஒரு கோட்டை எடுத்துக் காட்டினார். மகன் திருமணத்திற்காகத் தம் தறியில் தாமே நெய்த துணி அது. வெளியூரில் இருந்த மகன், துணைக்கு ஒருவருமின்றிக் கண்ணாடிமுன் நின்று தானே அளவெடுத்து அனுப்பியிருக்கிறான். பதினெட்டரை அங்குலம் இருக்கவேண்டிய தோள் பதினேழாக எழுதப்பட்டிருந்தது. மார்புக்கோ, தாராளமாக இருக்கட்டும் என்று 2 அங்குலத்தைத் தானே கூட்டிவிட்டான்; தையற்காரரும் தம் வழக்கப்படி தளர்வு கூட்டி வெட்டினார். கோட்டு மார்பில் தொளதொளத்தது; தோளிலோ கையைத் தூக்க இயலாதபடி பிடித்தது. மார்பைக் குறைத்துத் தர முடிந்தது, தோளுக்கு வழியில்லை. புதிதாகத் தைக்கலாம் என்றாலோ, அந்தப் பாவு முடிந்து தறியிலிருந்து இறங்கிவிட்டது; மறுபடி சாயம் போட்டால் அதே நிறம் அச்சாக வாய்க்காது என்பது நெசவாளர் யாவரும் அறிந்ததே. மணமகன் வேறொருவர் கோட்டை இரவல் வாங்கி அணிந்து மேடையேறினான்.

தைத்து முடிந்த பின்னர்த் திருத்தக்கூடியவை எவை, திருத்த இயலாதவை எவை என்பதை முதலில் தெரிந்துகொள்வது அவசியம். கால்சட்டையின் பின்புறத் தையலில் துணி கூடுதலாக உள்மடித்து வைக்கப்படும். ஆதலால் இடுப்பைச் சற்றுத் தளர்த்தவும் பிடிக்கவும் இயலும். கால் நீளமும் கை நீளமும் ஓரளவு திருத்தத்திற்கு இடம் தருவன. ஆனால் தோள் அவ்வாறன்று. கைக்குழி வெட்டப்பட்டு, உள்ளே விறைப்புத் துணியும் பஞ்சும் வைத்துத் தைக்கப்பட்ட பின் அதனை அகலப்படுத்தத் துணியே இராது. கோட்டின் மொத்த நீளமும் அத்தகையதே. பையும் பொத்தானும் அந்நீளத்தைக் கருதியே அமைக்கப்படுகின்றன. எனவே அளவெடுப்பவர் தம் பொறுமை முழுவதையும் தோள், மார்பு, கோட்டு நீளம் ஆகிய மூன்றில் செலுத்த வேண்டும். அவற்றை மும்முறை எடுத்து, மூன்றும் ஒத்திருந்தால் மட்டுமே எழுதிக்கொள்வது முறை.

இனி, அளவு நாடாவைப் பற்றி ஒரு சொல். 19ஆம் நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பியத் தையற்காரர்கள் எண்ணிட்ட நாடாவைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதத் துண்டை எடுத்து, அளவு முடியும் இடங்களில் வெட்டுக்குறி இட்டு வைத்துக்கொண்டனர். நம் நாட்டில் முழம் போட்டுத் துணி அளந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. அளப்பவர் கை மாறினால் அளவும் மாறும். எண்ணிட்ட நாடா வந்த பின்னரும் ஏமாற்றம் ஒழியவில்லை. நாட்பட்ட துணி நாடா இழுபட்டு நீண்டுவிடுகிறது. ஆகவே வீட்டிலுள்ள நாடாவைப் பள்ளிப் பிள்ளைகளின் எஃகு அளவுகோலோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே எடுக்கவேண்டும்.

அங்குலமா, சென்டிமீட்டரா என்னும் குழப்பமும் சிறிதன்று. மெட்ரிக் அளவை முறைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. துணிக்கடைகளில் கஜம் போய் மீட்டர் வந்து நெடுங்காலம் ஆயிற்று. எனினும் தையற்காரர் மேசையில் அங்குலமே இன்றும் செல்வாக்குடன் விளங்குகிறது. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். எதில் எடுத்தாலும் ஒன்றிலேயே எடுத்து, அதன் பெயரைத் தலைப்பில் எழுதுக. ஆயத்த ஆடைகளின் சீட்டைப் பார்த்து எழுதுவதும் ஆபத்தானது. பிரிட்டிஷ் முறையில் 40 என்றால் மார்பு 40 அங்குலம். ஐரோப்பிய முறையில் ஏறக்குறைய அதே உடலுக்கு 50 என்று அச்சிட்டிருக்கும். அது சென்டிமீட்டரில் கண்ட மார்பளவின் பாதி. அன்றியும் அரை, கால் பின்னங்களை எண்ணால் மட்டும் எழுதினால் படிப்பவர் மயங்கக்கூடும். ‘பதினேழரை’ என எழுத்தாலும் எழுதிவிடுவது நலம்.

அளவெடுக்கப்படுபவர் மெல்லிய சட்டையோ பனியனோ, உடலோடு ஒட்டிய கால்சட்டையோ அணிந்திருக்கவேண்டும். வேட்டிமேல் எடுத்த இடையளவு மடிப்பையும் சேர்த்துக் காட்டும். பணப்பை, கைபேசி முதலியவற்றை எடுத்துவிட்டு, இடுப்பு வாரையும் கழற்றிவிட வேண்டும். சமதரையில் நேர்நோக்கி, இயல்பாக மூச்சுவிட்டபடி நிற்கட்டும். நாடாவைக் கண்டதும் வயிற்றை உள்ளிழுத்து மார்பை நிமிர்த்துவது மனித சுபாவம். அவரோடு ஊர்க்கதை ஏதேனும் பேசிக்கொண்டே எடுத்தால் உடல் தன் நிலைக்கு வந்துவிடும். தன்னைத்தானே அளப்பது கூடவே கூடாது. குனிந்து எண்ணைப் படிக்கும் கணத்திலேயே தோளும் முதுகும் மாறிவிடுகின்றன. ஒருவர் அளக்க, மற்றொருவர் எழுத, நிற்பவர் எண்ணைப் பாராதிருப்பது உத்தமம்.

தோளளவுக்கு எலும்பின் முனையைக் கண்டுபிடிப்பதே முதற்பணி. கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தினால் தோளின் ஓரத்தில் ஒரு சிறு குழி தோன்றும். அவ்விடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக் கையைத் தொங்கவிட்ட பின், ஒரு குறியிலிருந்து மறு குறிவரை, முதுகின் மேற்புறத்தில் உடலின் வளைவை ஒட்டி நாடாவை வைக்கவேண்டும். அணிந்திருக்கும் சட்டையின் தோள் தையலை நம்பி எடுப்பவர் பலர். அத்தையல் பெரும்பாலும் எலும்பைத் தாண்டிக் கீழே விழுந்திருக்கும்.

மார்புக்கு, கைகளைத் தூக்கச் செய்து நாடாவை அக்குளுக்கு அடியில் செலுத்திப் பின் கைகளை இறக்கவேண்டும். மார்பின் பருத்த பகுதியின்மீது முன்புறமும், தோட்பட்டை எலும்புகளின்மீது பின்புறமுமாக நாடா தரைக்கு இணையாகச் செல்லவேண்டும். பின்னால் அது சரிந்து கிடந்தால் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ பிழை வரும். ஆகையால் எழுதுபவர் பின்னால் சென்று பார்ப்பது அவசியம். நாடா உடலை ஒட்டியிருக்கலாம், இறுக்கலாகாது. ஒரு விரல் தடையின்றி நுழையுமாயின் போதும். தளர்வுக்கென்று எதையும் கூட்டவேண்டா. அது தையற்காரர் பொறுப்பு. ‘இவை உடலளவுகள், தளர்வு சேர்க்கப்படவில்லை’ என்று சீட்டின் தலையிலேயே எழுதிவிட்டால், மேற்சொன்ன அங்கத்தினர் வீட்டில் நேர்ந்தது மீண்டும் நேராது.

கோட்டு நீளத்திற்குத் தலையைக் குனியச் செய்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்துத் தோன்றும். அதைக் குறித்துக்கொண்டு, தலையை நிமிர்த்திய பின், அங்கிருந்து முதுகின் நடுவே புட்டம் முடியும் இடம்வரை அளக்கவேண்டும். அவ்வெலும்பிலிருந்து தரைவரை உள்ள உயரத்தில் ஏறக்குறையப் பாதி என்பது பழைய தையற்காரர்கள் சரிபார்க்கும் கணக்கு. இந்நாளைய இளைஞர் இதைவிடக் குட்டையாக விரும்புகின்றனர். அவ்விருப்பத்தைத் தனியே எழுதலாமேயன்றி அளவைக் குறைத்து எழுதலாகாது. கை நீளம் தோள் குறியிலிருந்து மணிக்கட்டு எலும்புவரை, முழங்கை இயல்பாகச் சற்றே மடங்கிய நிலையில் எடுக்கப்படும். இரு கைகளையும் தனித்தனியே எடுக்கவேண்டும். புயத்தின் பருமன், மணிக்கட்டு, கழுத்து ஆகியவை சுலபமானவை.

நம் அங்கத்தினர்கள் தனியே கவனிக்கவேண்டியது உடலின் நிற்கும் நிலையாகும். குழித்தறியில் பல்லாண்டு அமர்ந்தவர்க்கு முதுகு முன்வளைந்திருத்தல் உண்டு. ஒரே தோளில் சுமை தூக்கிப் பழகிய விவசாயிக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கலாம். திருமண வீட்டில் மணமகன் மட்டுமன்றித் தந்தையும் கோட்டு தைத்துக்கொள்வது உண்டாதலால் இது ஏட்டுப் பேச்சன்று. வளைந்த முதுகுக்கு நேர்முதுகின் கணக்கில் வெட்டினால், கழுத்துப் பட்டை பின்கழுத்தை விட்டு விலகி நிற்கும். பின்புற ஓரமும் மேலே தூக்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்க இடையில் ஒரு நூலைத் தரைக்கு இணையாகக் கட்டி, கழுத்தடி எலும்பிலிருந்து பின்புறம் அந்நூல்வரை ஓர் அளவும், அதே எலும்பிலிருந்து தோளைக் கடந்து முன்புறம் அந்நூல்வரை மற்றோர் அளவும் எடுத்து அனுப்பவேண்டும். வளைந்த முதுகுடையவர்க்குப் பின்னளவு கூடி முன்னளவு குறைந்திருக்கும். தேர்ந்த தையற்காரர் இவ்விரண்டைக் கண்டே உடலை அறிந்துகொள்வார். தோள் தாழ்வை அறிய, இரு தோள் குறிகளிலிருந்தும் தரைவரை தனித்தனியே அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இதை எழுத நாணுவோர் உளர். உழைத்த உடலின் அடையாளத்தை மறைத்து எழுதினால் கோட்டு அதனை ஊரறியக் காட்டிவிடும். முன், பின், பக்கம் என மூன்று நிழற்படங்களைக் கைபேசியில் எடுத்து அனுப்பிவைப்பதும் பெரிதும் பயன்படும். கைபேசியை மார்பளவு உயரத்தில் சாய்க்காமல் பிடிக்கவேண்டும்.

கோட்டுக்கு இடையளவு தொப்புளின் மட்டத்தில் எடுக்கப்படுகிறது. கால்சட்டைக்கு உரிய இடுப்பு வேறு. அதை அணியும் இடத்தில் எடுத்து, ‘தொப்புளுக்கு இத்தனை அங்குலம் கீழே’ என்று குறிப்பிடவேண்டும். வேட்டி கட்டிப் பழகியவர் இவ்விரண்டையும் ஒன்றென்றே கருதிவிடுகின்றனர். அடுத்து, கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து, புட்டத்தின் மிகப் பருத்த பகுதியைச் சுற்றி ஓரளவு. தொடை, முழங்கால் ஆகியவற்றின் சுற்றளவும் வேண்டும். கால் நீளத்தை அன்று அணியப்போகும் காலணியோடு எடுக்கவேண்டும். இடுப்பிலிருந்து வெளிப்புறமாக ஒன்றும், கவட்டிலிருந்து உட்புறமாக ஒன்றும் என இரண்டு நீளங்கள். வெளிநீளம் 41 அங்குலம், உள்நீளம் 31 அங்குலம் என்றால் வேறுபாடு 10. இவ்வேறுபாடு 5 என்றோ 15 என்றோ வருமாயின் எங்கோ பிசகு நேர்ந்துள்ளது என்று கொண்டு மறுபடி அளக்கவேண்டும்.

நன்றாகப் பொருந்தும் பழைய கோட்டு ஒன்று இருந்தால் அதன் அளவுகளையும் தனித்தாளில் எழுதி அனுப்பலாம். உடலளவையும் ஆடையளவையும் ஒரே தாளில் கலந்து எழுதுவது வேண்டாத வினை.

பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து நிழலில் உலர்த்தித் தரவேண்டும். நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினாலும் 30 அங்குலக் கோட்டு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைந்துவிடும். பட்டுத் துணியை இவ்வாறு தாமே நனைக்காமல் தையற்காரரைக் கேட்டுச் செய்க.

பயணம் செய்ய ஒருநாள் மட்டுமே ஓய்வு கிடைக்குமானால் அந்நாளை அளவு கொடுப்பதற்கு வீணாக்காமல், ஓட்டுத் தையலிட்ட நிலையில் போட்டுப் பார்ப்பதற்கு ஒதுக்கிக்கொள்க. துணி வெட்டப்படும் தேதியையும் முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்க. அளவுச் சீட்டில் எடுத்த தேதியைக் குறித்து, ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். அதற்கும் வெட்டும் நாளுக்கும் இடையே ஒரு மாதத்திற்குமேல் கழிந்திருந்தால் மார்பையும் இடையையும் மட்டும் மறுபடி எடுத்துத் தெரிவித்தால் போதும்.