திருச்சியிலிருந்து தென்னமரம் வரை

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர்களுக்கு ‘ஊர்’ என்பது கடலுக்கு அப்பால் விட்டுவந்த கிராமமே. அந்த ஊருக்கும் தோட்டத்து லயத்துக்கும் இடைப்பட்ட தொலைவு அன்றிருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது. அதைக் கடக்கும் காலமோ ஒரு வாரத்திலிருந்து நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் சுமார் 2,690 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இது பெருவட்டத் தொலைவு, அதாவது உருண்டையான பூமியின்மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். இலங்கையின் வடமுனையை ஒட்டிச் செல்லும் அக்கோடு வங்கக் கடலையும் சுமத்ராவின் அச்சே பகுதியையும் கடந்து, மலாக்கா நீரிணையின் மேலாக மலேசியக் கரையை அடைகிறது. வடக்கே தள்ளியிருந்தாலும் திருச்சியைவிடக் கிழக்கே அமைந்திருப்பதால், சென்னை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நெருக்கமானது.

மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் இத்தொலைவுக்கு மூன்றே கால் மணி நேரம் போதும். ஆனால் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் நிற்கும் கணம் வரை பயண நேரம் கணக்கிடப்படுவதாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதாலும், அட்டவணையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்றே குறிக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, மலேசியாவுக்குப் பறக்கும் விமானத்தை எதிர்த்தும் திரும்பும் விமானத்தைத் தள்ளியும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும். மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆகவே காலை 9 மணிக்குச் சிப்பாங்கில் ஏறியவர் நான்கு மணி நேரம் பறந்தும் 10.30 மணிக்கே திருச்சியில் இறங்கிவிடுகிறார்.

கப்பல் காலத்தில் இவ்வளவு துல்லியமான கணக்குக்கு இடமிருக்கவில்லை. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி தொழிலாளர்களின் கப்பல் செலவை ஏற்றது. கங்காணி ஆள் திரட்ட, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் காத்திருந்து கப்பலேறியவர்கள், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். உதவி பெற்றுத் தொழிலாளர்கள் புறப்படுவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்த பின்னரும், 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் பல பத்தாண்டுகள் இக்கடலைக் கடந்தது. கடல் அதே கடல்தான். திரும்பிப் போகக் கையில் காசு இல்லாதவருக்கு மட்டும் அதன் அகலம் எந்த அளவுகோலுக்கும் அடங்கவில்லை.

வானப் பயணம் சுருங்கியபோது தரைப் பயணம் நீண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். 1965-இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம் கோல சிலாங்கூருக்கு அருகில் இருந்தது. 1998-இல் சிப்பாங் திறக்கப்பட்டதும் அத்தொலைவு ஏறக்குறைய இருமடங்காகி, சுமார் நூறு கிலோமீட்டர் ஆனது. 1917-இல் ஆன்றி ஃபோக்கொனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவிய தென்னமரம், தமிழ்ப் பெயரை இன்றும் தாங்கி அவ்வட்டாரத்தில்தான் இருக்கிறது. திருச்சியில் இரவு 11 மணிக்கு ஏறுபவர் விடியற்காலை 5.30 மணிக்கு, தோட்டங்களில் பெரட்டுக்கு ஆள் கூடத் தொடங்கும் வேளையில், சிப்பாங்கில் இறங்குகிறார். தென்னமரத்தை அடைவதற்குள் வெயில் ஏறிவிடும்.