பாறை வெடித்த பிறகு விழிக்கும் கருவி, அதற்கு முந்தைய நொடியைப் பதிவது எப்படி?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். மேலே வீட்டில் அடுக்கிய பாத்திரம் கிடுகிடுக்கும்.

அதிர்வை அளக்க அங்கே ஜியோபோன்களைப் பதித்தார்கள். வெடித்த இடத்தைக் கணக்கிட, ஒவ்வொரு ஜியோபோனையும் முதல் அசைவு தொட்ட நேரம் வேண்டும். அதிர்வு வந்த பிறகு பதிவைத் தொடங்கினால் அந்த முதல் அசைவு போய்விடுமே?

தங்கவயல் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குடங்கள் வட்டமாக இருக்கின்றன. குழாய் நிற்பதே இல்லை. எட்டும் நிறைந்ததும் முதல் குடத்துப் பழைய நீரைக் கொட்டிவிட்டு, அதிலேயே மறுபடி பிடிக்கிறீர்கள்.

குழாய்தான் சென்சார், குடங்கள்தான் நினைவகம். ஒரு குடம் நிறைந்துகொண்டிருக்க, கடைசியாக நிறைந்த ஏழு குடத்து நீர் எப்போதும் கைவசம் இருக்கும். பாறை வெடித்ததும் கணினி அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் இனிமேல்தான். பிடிப்பவர், அதாவது பதிவு செய்பவர், வேகம் வேறு; எடுப்பவர், அதாவது கணினி, வேகம் வேறு. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கினால், நினைவகத்தில் இன்னும் அழியாத பழைய அதிர்வும் புதிய அதிர்வும் கலந்து, நடக்காத ஒன்றைக் காட்டும். அதனால் நிறைந்து மூடி போட்ட குடத்தை மட்டுமே எடுக்கலாம். எடுப்பவர் கையில் உள்ள குடத்தைப் பிடிப்பவர் தொடக்கூடாது. எடுப்பவர் தாமதித்தால்? கூடுதல் குடங்கள் வேண்டும். இல்லையென்றால் தரவு வழிந்தோடும்.

அதிர்வும் எளிதில் நிற்கவில்லை: 2001-இல் சுரங்கம் மூடப்பட்டு, உள்ளே நீர் நிறைந்த பிறகும் தங்கவயலில் தரை அதிர்ந்தது.